துறைமுக அணி முதலிடத்தில் இருந்த வருடம்

நம் பழைய வகுப்புக் குழுவில் போன வாரம் ஒரு கேள்வி வந்ததே, சின்ன வயதில் உங்கள் பந்து அணி எது என்று? நீங்கள் எல்லோரும் இங்கிலாந்து அணிகளின் பெயரை வரிசையாகப் போட்டீர்கள். இரண்டு பேர் நம் மாநில அணியைப் போட்டுக் கொடியும் போட்டார்கள். நான் ‘ஹோண்டுராஸில் ஒரு துறைமுக அணி’ என்று போட்டேன். சிரிக்கிற முகங்கள் பதினைந்து வந்தன. அது என்ன, பிஸ்கட் பெயரா என்று ஒரு மகானுபாவர் கேட்டிருந்தார்.

பிஸ்கட் இல்லை ஐயா, நாடு. மத்திய அமெரிக்காவில் இருக்கிறது. அந்த நாட்டு லீக்கில் ஒரே ஒரு பருவத்தை நான் முழுக்கப் பின்தொடர்ந்தேன், நம் மலேசியக் குளுவாங்கில் உட்கார்ந்தபடி, ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்க்காமல். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம் என்ன நடந்தது என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, நேற்று வரையிலும் சரியாகப் புரியவில்லை. எழுதினால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் சிரித்தவர்கள் படித்தே ஆக வேண்டும்.

எங்கள் வீடு ரயில்வே குவார்ட்டர்ஸில் கடைசி வரிசை என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். அப்பாவுக்குத் தண்டவாளம் பழுது பார்க்கும் வேலை. அம்மா விடியுமுன் பாசார் சந்தைக்குப் போய் வடையும் இட்லியும் விற்றுவிட்டு மதியம் திரும்புவாள். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள், வீட்டில் இருந்து துணி தைத்துக் கொடுப்பாள். பிறகு மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் போனதும் பதின்மூன்று வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் அங்கேயே வளர்ந்தார். நான் பிறக்கும்போதே மாமா வீட்டில் இருந்தார். அவர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எனக்குப் பந்தாட்டத்தை அறிமுகப்படுத்தியவர் அவர்தான். சாஆ ஊரில் என் பெரிய மாமா வேலை பார்த்த செம்பனைத் தோட்டத்து அணிக்கு இவர் கோல் கீப்பர். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு வருவார், என்னையும் கூட்டிப் போவார். பெண் பிள்ளையை எதற்குத் திடலுக்குக் கூட்டிப் போகிறாய் என்று அம்மா கேட்டால், “பாயிண்டு எழுத ஆள் வேணும்க்கா” என்பார். பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, அணிகளின் பெயரை எழுதி, எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி, எத்தனை சமம், எத்தனை தோல்வி என்று கட்டம் போடச் சொல்லித் தந்தார். வென்றால் இரண்டு புள்ளி, சமமானால் ஒன்று. தோட்டத்து லீக்கில் சிக்கலே கிடையாது. எல்லோரும் எல்லோருடனும் ஆடி முடித்ததும் யாருக்கு அதிகப் புள்ளியோ அவர்களுக்குக் கிண்ணம். அன்று மாலையே ஆடு வெட்டிச் சாப்பாடு. லீக் என்றால் உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு தீபாவளி கழிந்து அக்காவுக்கும் மாமாவுக்கும் நிச்சயம் செய்தார்கள். தாய்மாமனுக்குக் கொடுப்பது நம்மிடையே புதிதில்லையே. தெரிந்த பையன், குடிக்காத பையன், பெண் கண் முன்னாலேயே இருக்கும் என்று பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாமா இனி எங்கேயும் போக மாட்டார், நிரந்தரமாக எங்கள் வீட்டில்தான் என்று கணக்குப் போட்டேன்.

நடந்தது தலைகீழ். நிச்சயம் ஆன ஆணும் பெண்ணும் கல்யாணம் வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாதாம். பதினான்கு வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவர்களுக்கு அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. மாமா பெட்டியைக் கட்டிக்கொண்டு சாஆவுக்குப் போனார். அங்கிருந்து யாரோ சிங்கப்பூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி, சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஒரு வருட ஒப்பந்தம், அடுத்த தையில் வந்து கல்யாணம் என்று ஏற்பாடு. புறப்படுகிற அன்று எங்கள் வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என் தலையைத் தட்டி, “பாயிண்டு எழுத மறந்துராத சின்னவளே” என்றார். யாருடைய புள்ளியை எழுதுவது என்று நான் கேட்கவில்லை. அழுகைதான் வந்தது.

கடிதங்கள் அம்மா பெயருக்கு வரும். நிச்சயம் ஆன பெண்ணுக்கு நேராக எழுதினால் மரியாதைக் குறைவு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது. ஆகவே வாசிக்கிற உத்தியோகம் எனக்கு. அப்பா வேலை முடிந்து குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் நின்றுகொண்டு உரக்கப் படிப்பேன். உள் அறையில் தையல் மெஷின் நின்றுவிடும். பக்கத்து வீட்டு அத்தை சாடை காட்டிச் சிரிப்பாள்.

அந்தக் கடித உறையைப் பிரித்தால் டீசல் வாசனை வரும். அதற்குக் கீழே இனிப்பாக இன்னொரு வாசனையும் இருந்ததாக நினைக்கிறேன். துறைமுகம் முழுக்க வாழைத்தார் என்று மாமா எழுதியதால் நானாகக் கற்பனை செய்துகொண்டேனோ என்னவோ.

ஒப்பந்தம் முடியும் சமயத்தில், கப்பல் ஹோண்டுராஸ் துறைமுகத்தில் நிற்கிறது, வேலை கொஞ்சம் இழுக்கும் என்று எழுதினார். தையில் இருந்த கல்யாணம் வைகாசிக்குப் போனது. நம் பள்ளி சார் ஒருநாள் உலகப் படத்தை விரித்து எனக்கு அந்த நாட்டைக் காட்டினார். மத்திய அமெரிக்கா என்றார். நான் வீட்டில் வந்து சொன்னேன். பக்கத்து வீட்டு அத்தை அதில் ‘மத்திய’வைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசை முழுக்கச் சொல்லிவிட்டாள். அமெரிக்கா மாப்பிள்ளை ஆகிவிட்டார் மாமா. மலாய்க்காரத் தபால்காரர்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தி, “அமெரிக்கா!” என்றுதான் கூப்பிடுவார். அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அமெரிக்காவில் இருக்கிறவன் ஒரு ஃபோன் போட மாட்டானா என்று கேட்பார். அது வேறு அமெரிக்கா என்று சொல்ல எங்கள் யாருக்கும் விவரம் போதவில்லை.

பங்குனியில் வந்த கடிதத்தில்தான் லீக் தொடங்கியது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ‘அக்கா, மச்சான் இருவருக்கும் வணக்கம். நான் நலம். இங்கே பந்து லீக் ஆரம்பித்திருக்கிறது. மொத்தம் பத்து டீம். லீக் முடிந்ததும் நான் வந்துவிடுவேன். சின்னவளே, இந்த ஊர்த் துறைமுக டீம்தான் நம்ம டீம். முதல் ஆட்டத்தில் ரெண்டுக்கு ஒண்ணு ஜெயித்தாச்சு. திடலில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். கோலி என்னைவிடக் குட்டை, ஆனால் குரங்கு மாதிரி தாவுகிறான்.’

அவ்வளவுதான் கடிதம். அம்மா, “வேற ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “லீக்கு முடிஞ்சு வராராம். தொர பந்து பாக்கத்தான் கப்பலேறிப் போனாரு” என்றார். கல்யாணம் ஆவணிக்குத் தள்ளப்பட்டது.

எனக்கோ பிடிப்பு ஒன்று கிடைத்துவிட்டது. லீக் முடிந்தால் மாமா வருவார், வந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் மாமா மறுபடி எங்கள் வீட்டில். தோட்டத்து லீக் எழுதிய அதே மாதிரி நாட்காட்டித் தாளைத் திருப்பி, பத்து கட்டம் போட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். மாமா கடிதத்தோடு அந்த ஊர்ப் பத்திரிகையிலிருந்து புள்ளிப் பட்டியலைக் கத்தரித்து அனுப்புவார். எழுத்தெல்லாம் ஸ்பானிய மொழி, எண்கள்தான் நமக்குத் தெரிந்தவை. மூன்று வாரப் பழைய புள்ளிகளை நான் பென்சிலால் எழுதி, அடுத்த கடிதம் வந்ததும் அழித்து, மறுபடி எழுதுவேன். சில சமயம் பிந்திய கடிதம் முந்தி வந்துவிடும். துறைமுக அணி பதினொரு ஆட்டம் ஆடிவிட்டு மறுவாரம் ஒன்பது ஆட்டம்தான் ஆடியிருக்கும். நான் தலையைப் பிய்த்துக்கொள்வேன். அம்மா அரிசி களைந்தபடி, “நம்ம டீமு எப்படிடி இருக்கு?” என்று கேட்பாள். அவள் கேட்டது டீமை இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் தினமும் பதினோரு மணிக்குத் தபால்காரர் வருகிற நேரத்தில் வாசல் கதவில் நிற்பாள். நான் பள்ளியில் இருப்பேன், அம்மா பாசாரில். பக்கத்து வீட்டு அத்தைதான் பார்த்துவிட்டு வந்து சொல்லுவாள். “ஒங்க அக்கா கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கிற நெலயப் பாக்கணுமே, அலமாக், பாவம்லா அந்தப் பொண்ணு.” அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

துறைமுக அணி நன்றாகத்தான் ஆடியது. நடுவில் தலைநகர் அணி ஒன்று முந்தியது. ஆடி மாதத்தில் நம்மவர்கள் தொடர்ந்து நான்கு ஆட்டம் வென்றார்கள். ஆவணி முதல் வாரத்தில் வந்த கடிதத்தில் பட்டியல் மட்டும் இருந்தது, கூடவே இரண்டு வரி. ‘சின்னவளே, நம்ம டீம் முதலிடம். பதினெட்டு ஆட்டமும் முடிந்தது.’ வருவதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பத்து நாள் காத்திருந்தோம். கோயில் மண்டபத்துக்காரர் வேறு ஆள் கேட்கிறான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்று மாலை அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார்.

“சின்னவளே, கடுதாசியெல்லாம் நீதான படிக்கிற. அந்த லீக்கு முடிஞ்சிருச்சா, இல்லையா?”

நான் ஓடிப் போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தேன். பத்து அணிக்கும் விரல் வைத்து எண்ணிக் காட்டினேன்.

“முடிஞ்சிருச்சுப்பா. எல்லா டீமும் பதினெட்டு ஆட்டம் ஆடிட்டாங்க. நம்ம டீம்தான் முதல்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“நல்லாப் பாத்துட்டேன்பா. கிண்ணம் நமக்குத்தான்.”

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. முடிந்துவிட்டது என்றால் மாமா வழியில் இருக்கிறார் என்று அப்பாவுக்குப் புரியும் என நினைத்தேன். அப்பாவுக்கு வேறு மாதிரி புரிந்தது.

“லீக்கு முடிஞ்சு மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. ஒருத்தன் வரணும்னு நெனச்சிருந்தா கடுதாசில ஒரு வரி எழுதியிருப்பான்” என்றார் அம்மாவைப் பார்த்து.

“இன்னும் ஒரு மாசம் பொறுக்கக் கூடாதாங்க? நம்ம கையில வளந்த புள்ள.”

“ரெண்டு தடவ தள்ளியாச்சு. மண்டபத்துக்காரன் என்னப் பாத்துச் சிரிக்கிறான். ஒன் தம்பி அங்க எவளையாச்சும் புடிச்சிருப்பான். சொல்ல வாய் வராமத்தான் பந்தப் பத்தி எழுதுறான்.”

அம்மா அடுப்படிக்குப் போனாள். உள்ளே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பித்தளைத் தாம்பாளத்தில் நிச்சயப் புடவையையும் மோதிரத்தையும் வைத்துத் துணியால் மூடி, சாஆ பஸ் ஏறினார். பெரிய மாமாவிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். அடுத்த மாதமே கோத்தா திங்கியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நிலக் குடியேற்றத் திட்ட அலுவலகத்தில் டிரைவர் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. அமைதியானவர், வடையைப் பாராட்டினார். ஐப்பசியில் கல்யாணம் என்று முடிவானது.

வெற்றிலை பாக்கு மாற்றி நான்கு நாள் கழித்து மாமாவின் கடிதம் வந்தது. வழக்கம்போல நின்று வாசித்தேன். ‘முன்னமே எழுதியிருந்தேனே, முதல் ஐந்து டீம் திரும்பவும் ஆடுகிறது என்று. நம்ம டீம் பதினெட்டு ஆட்டத்தில் எடுத்த புள்ளிக்கு இனி மதிப்பில்லை. எல்லோரும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த ஐந்தில் முதல் வருகிறவனும் இரண்டாவது வருகிறவனும் இறுதி ஆட்டம். லீக் முடிய இன்னும் மூன்று மாதமாவது ஆகும்.’

அந்த ‘முன்னமே எழுதிய’ கடிதம் எங்களுக்கு வரவில்லை. தபாலில் தொலைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், அம்மா தபால்காரரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார்.

“முடிஞ்சிருச்சுன்னு நீதான சொன்ன?”

“ஆமாப்பா.”

“சரி, விடு. நல்ல எடந்தான்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. முதலிடத்தில் இருக்கிற அணிக்கு எப்படிக் கிண்ணம் இல்லாமல் போகும் என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நான் பள்ளியில் பல நாள் பைத்தியம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த வருடத் தேர்வில் கணக்கில் கோட்டைவிட்டேனே, டீச்சர் என்னை முன் வரிசையில் எழுப்பிவிட்டு ஏன் என்று கேட்டாரே, உங்களுக்கு நினைவிருக்கும். இதுதான் காரணம். அக்காவின் கல்யாணத்தில் எல்லாப் படத்திலும் நான் அழுத முகத்தோடு நிற்கிறேன். அக்காவைப் பிரிகிற துக்கம் என்று வந்தவர்கள் என் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

மாமா மார்கழியில் வந்தார். சிங்கப்பூரிலிருந்து காலை ரயிலில் இறங்கி, கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பையோடு வாசலில் நின்றார். சட்டைக்குள் ஆளைக் காணோம், அவ்வளவு இளைப்பு. அம்மா அவரைப் பார்த்ததும் அழுதபடியே சோறு போட்டாள். அவரும் தலை நிமிராமல் சாப்பிட்டார். கல்யாணச் செய்தி பெரிய மாமா எழுதிய கடிதத்தில் அவருக்குப் போயிருந்தது. சாப்பிட்டு முடித்து என்னைப் பார்த்து, “ஃபைனல்ல தோத்துட்டோம் சின்னவளே” என்று மட்டும் சொன்னார். நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன். அன்று மாலையே அவர் சாஆவுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஓர் இரவும் தங்கியதில்லை.

நான் செய்த வேலையால் அவர் வாழ்க்கை பாழாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். உண்மையில் அது பாழாய்ப் போகவில்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்தது, நான்கு வருடம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டார், மூன்று பிள்ளைகள். கட்டிக்கொண்ட அத்தையோடு சிரித்துப் பேசுவார். ஆனாலும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாட்காட்டித் தாள்தான் ஞாபகம் வரும். ஒருமுறைகூடச் சொல்லி மன்னிப்புக் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

ஹோண்டுராஸ் கதையை என் மகன் பிறந்த சமயத்தில்தான் அவர் வாயிலிருந்து கேட்டேன். கப்பல் முதலாளி திவாலாகிக் காணாமல் போய்விட்டானாம். துறைமுகத்தார் கப்பலைப் பிடித்து வைத்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது, கரையில் வேலை செய்ய அனுமதி கிடையாது. கப்பலில் இருந்த அரிசியும், கரையில் கழித்துப் போட்ட வாழைப்பழமும்தான் சாப்பாடு. திடல் காவலாளி ஒருவர் இரக்கப்பட்டுச் சுவர் ஓரமாக உள்ளே விடுவார்.

“இதையெல்லாம் எழுதியிருக்கலாம்ல மாமா?” என்று கேட்டேன்.

“எழுதி? நீ நின்னுக்கிட்டு சத்தமாப் படிப்ப, ஒங்கம்மா அழும், ஒங்கப்பா கடன் வாங்கப் போவாரு. அந்த ஊர்ல சத்தம்போட்டுப் படிக்கிற மாதிரி இருந்தது பந்து ஒண்ணுதான்.”

எப்போது வருவேன் என்று எழுத அவரிடம் தேதி எதுவும் இல்லை. அந்த ஊரில் முடிகிற தேதி என்று ஒன்று இருந்தது லீக்குக்கு மட்டும்தான், அதனால் அதைச் சொன்னார். அதுவும் பாதியில் காலை வாரிவிட்டது. அப்பா சந்தேகப்பட்ட பெண் யாரும் அங்கே இல்லை.

இன்னொன்றும் சொன்னார். சித்திரையில் ஒரு தேவாலயத்தார் வந்து எட்டுப் பேரை ஊருக்கு அனுப்பி வைத்தார்களாம். கப்பலைக் காவல் காக்க நான்கு பேர் தேவை என்றதும் மாமா கையைத் தூக்கியிருக்கிறார். அப்போதே வந்திருந்தால் வைகாசியிலேயே கல்யாணம் நடந்திருக்குமே. “ஏன் மாமா தூக்குனீங்க?” என்று கேட்டேன். “அப்பதான் நம்ம டீம் நல்லா ஆட ஆரம்பிச்சிருந்துச்சு” என்று சொல்லிச் சிரித்தார். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

மாமா போன மாதம் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்காவும் நானும் சாஆ போயிருந்தோம். அத்தானுக்கு முட்டி வலி, வரவில்லை. திரும்பும்போது அக்காவைக் கோத்தா திங்கியில் விட நான்தான் காரோட்டினேன். வழியில் செம்பனை நிழலில் ஓர் இளநீர்க் கடை. இருவரும் இறங்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். இனியும் சொல்லாவிட்டால் எப்போது என்று தோன்றியது.

“அக்கா, அப்பா கேட்டப்ப லீக்கு முடிஞ்சிருச்சுன்னு சொன்னது நான்.”

“தெரியும். நான் உள்ள தைச்சுக்கிட்டுதான இருந்தேன்.”

“தப்பாச் சொல்லிட்டேன்கா. அந்த அஞ்சு டீம் லெட்டர் மட்டும் தொலையாம இருந்திருந்தா...”

“தொலையல” என்றாள் அக்கா. “நீ சொல்றதுக்கு நாலு நாள் முன்னாடியே வந்துருச்சு. போஸ்ட்மேன்கிட்ட வாங்கி நான்தான் மெஷின் டிராயர்ல வெச்சுப் பூட்டுனேன். கல்யாணமாகி வரும்போது எடுத்துட்டு வந்தேன். கோத்தா திங்கியில ரெண்டாவது தடவ வெள்ளம் வந்தப்ப அலமாரியோட போயிருச்சு.”

வரிசை முழுக்கப் பாவப்பட்ட அந்தக் கதவோரப் பெண், காதலோடு நின்றிருக்கிறாள் என்றுதான் நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம்.

“ஏன்க்கா?”

“ஆறு வயசுல எனக்குப் பேன் பாத்தவரு அவரு. சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தவரு. அவரப் போயி... எப்படிடி? வேணும்னு சொல்றியா வேணாம்னு சொல்றியான்னு யாராச்சும் என்னக் கேட்டாங்களா? நல்ல பையன், நல்ல பையன்னாங்க. நானும் இல்லன்னு சொல்லல. நல்லவருதான்.”

“மாமாகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

அக்கா உறிஞ்சுகுழலைத் திருப்பினாள். “கப்பலுக்குப் போற அன்னிக்கு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுக் கடைசியா என்கிட்ட வந்தாரு. ‘மெதுவா வாங்க மாமா’ன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. அவரு என்னையே பாத்தாரு. சரின்னாரு.”

அவர் என்ன புரிந்துகொண்டார்? புரிந்துகொண்டுதான் கப்பலில் கையைத் தூக்கினாரா? அக்காவை விரும்பினாரா, அல்லது அவருக்கும் அவள் குழந்தையாகவே இருந்தாளா? விரும்பாதவர் அப்படி இளைத்து வந்து ஏன் எங்கள் வீட்டில் தங்காமல் போனார்? கேட்க ஆளில்லை. அக்காவிடம் கேட்டால் தெரியாது என்று தலையாட்டினாள்.

எனக்குத் திடீரென்று கோபம் வந்துவிட்டது. “நாப்பது வருசமா இதத் தூக்கிச் சொமந்துக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ சொமந்துக்கிட்டு இருக்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு நாளாச்சும் கேட்டியா?”

கடைக்காரர் எங்கள் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அக்கா வேண்டாம் என்று கடிதத்தை ஒளித்திருக்கிறாள். மாமா வந்திருக்கலாம், வரவில்லை. அப்பாவுக்கு மண்டபத்துக்காரன் முகம்தான் முக்கியம். அம்மா எதிலும் ஒரு சொல்லுக்கு மேல் பேசியதில்லை.

“அப்ப அந்த வருசம் பூரா மாமா எப்ப வருவாருன்னு நெசமாக் காத்துக்கிட்டு இருந்தது யாருதான்க்கா?”

அக்கா இளநீரைக் கீழே வைத்தாள். யோசிக்கவே இல்லை.

“நீ ஒருத்திதான்டி” என்றாள்.